காலாங் கரையில் ஒரு மாலை

தென்பெண்ணை மணலில் ஓடிப் பழகிய என் மகளைப் பத்தாம் வகுப்போடு ஓட்டத்தை நிறுத்தச் சொன்னவன் நான். பெண் பிள்ளைக்கு ஊர் ஊராய்ப் பந்தயம் எதற்கு என்பது அன்றைய என் எண்ணம். அவள் எதிர்த்து ஒன்றும் பேசவில்லை. சென்ற ஆண்டு அவளைக் காணக் காவேரிப்பட்டினத்திலிருந்து சிங்கப்பூருக்குச் சென்றிருந்தேன். கடைத்தெருவையெல்லாம் விட்டுவிட்டு அவள் என்னை முதலில் அழைத்துச் சென்றது காலாங் விளையாட்டு வளாகத்துக்கு.

அவ்வட்டாரத்தில் 1937 முதல் 1955 வரை விமான நிலையம் இயங்கியது. 1973-இல் அங்கே 55,000 பேர் அமரும் தேசிய விளையாட்டரங்கு எழுந்தது. பின்னர் அதை இடித்துவிட்டு, அவ்விடத்திலேயே 2014-இல் புதிய அரங்கைத் திறந்தார்கள். நடுவில் ஒரு தூணுமின்றி 310 மீட்டர் அகலத்துக்குக் கவிந்து நிற்கிறது அதன் குவிமாடம். கூரை திறந்து மூடுகிறது. கால்பந்துக்கு ஒருவிதமாகவும் ஓட்டப்பந்தயத்துக்கு வேறுவிதமாகவும் கீழ்வரிசை இருக்கைகள் நகர்கின்றன. எங்கள் பங்குக் கோயிலை அதனுள் எத்தனை முறை வைக்கலாமென்று கணக்கிட்டுப் பார்த்துத் தோற்றேன்!

நாம் அந்நாளில் இரண்டாம் அருள் சின்னப்பர் என்றழைத்த திருத்தந்தை, பழைய அரங்கில் 1986 நவம்பர் 20 அன்று திருப்பலி நிறைவேற்றினார். திருத்தந்தை பிரான்சிஸ் புதிய அரங்கில் 2024 செப்டம்பர் 12 அன்று நிறைவேற்றிய திருப்பலியில் ஏறத்தாழ 50,000 பேர் கூடினர். இதை அறிந்தே அங்கு சென்றேன். மகள் சொன்னதோ வேறு கதை.

1973-இல் அந்தப் பழைய அரங்கில் நடந்த தென்கிழக்காசியப் போட்டியில், பெண்களுக்கான 200 மீட்டர் ஓட்டத்தில் கிளோரி பர்னபாஸ் என்னும் பள்ளி ஆசிரியை, ஒளிப்படம் பார்த்தே முடிவு சொல்லுமளவு நூலிழையில் தங்கம் வென்றார். அதன்பின் 42 ஆண்டுகள் அந்நாட்டுப் பெண்ணொருவருக்கும் அப்பந்தயத்தில் தங்கம் கிட்டவில்லை. 2015-இல் அதே இடத்தில் எழுந்த புதிய அரங்கில், சாந்தி பெரேரா என்னும் இளம்பெண் 23.60 வினாடியில் ஓடி அதை மீட்டார். 2023 ஆசியப் போட்டியிலும் 200 மீட்டர் தங்கம் அவருக்கே.

இவற்றை மகள் ஆண்டு பிசகாமல் சொல்லிக்கொண்டே வந்தாள். இத்தனையும் இவள் நெஞ்சில் இருந்திருக்கின்றனவே என்று எண்ணினேன்; வாய் திறக்கவில்லை.

அரங்கைச் சுற்றிக் கூரையிட்ட அகன்ற நடைபாதை ஒன்று உண்டு. கட்டணமில்லை, முதியோர் நடக்கிறார்கள், பிள்ளைகள் ஓடுகிறார்கள். மாலைகளில் தானும் அங்கே வருவதுண்டு என்றாள்.

"அப்பா, இந்தப் பையைச் சற்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்றுக்கு எத்தனை நிமிடமாகிறது என்றும் பாருங்கள்."

பள்ளி நாட்களில் அவள் ஓடிய பந்தயம் ஒன்றையேனும் நான் நேரில் கண்டதில்லை. பையை மடியில் வைத்து அமர்ந்தேன். வளைவில் மறைந்தவள், நான் எதிர்பார்த்ததற்கு வெகு முன்னரே மறுபுறம் தோன்றினாள். நான் எழுந்து நின்றுவிட்டேன்.

மூச்சு வாங்க அருகில் வந்து, "எத்தனை நிமிடம் அப்பா?" என்று கேட்டாள்.

கடிகாரத்தைப் பார்க்க நான் மறந்திருந்தேன்.