நரகத்தின் கணக்கேடு

சிங்கப்பூரின் பாசிர் பாஞ்சாங் சாலையோரக் குன்றிலுள்ள ஹா பார் வில்லாவைப் பெரும்பாலோர் அதன் நரகக் காட்சிகளுக்காகவே நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு அப்பூங்கா, ஊருக்குப் போகிறவர்களின் பெட்டியில் தவறாமல் இடம்பெறும் டைகர் பாம் சீசாவின் வழியாகத்தான் முதலில் அறிமுகம். அத்தைலத்தால் செல்வந்தரான ஆவ் பூன் ஹா, தம்பி பூன் பாருக்காக 1937-இல் உருவாக்கிய மாளிகையும் தோட்டமும் அது.

1990-இல் அது 'டிராகன் வேர்ல்ட்' என்ற கேளிக்கைப் பூங்காவாயிற்று. கேளிக்கைகள் நிலைக்கவில்லை, சுதைச் சிற்பங்கள் நிலைத்தன.

பத்து நரக மன்றங்களுக்குள் நுழைபவர்கள், அறுபடும் உடல்களைப் பார்த்து முகம் சுளித்து நகர்ந்துவிடுகிறார்கள். என்னை நிறுத்துபவை அங்கு எழுதப்பட்டுள்ள குற்றங்களே. நான்காம் மன்றத்தில் வரி ஏய்த்தவரும், வாடகை தராதவரும், வியாபாரத்தில் ஏமாற்றியவரும் கல்லால் இடிபடுகிறார்கள். ஐந்தாம் மன்றத்தில் கொடுவட்டி வாங்கியோர் கத்திமலைமீது எறியப்படுகிறார்கள். எண்ணெய்க் கொப்பரைக் கதைகள் கேட்டு வளர்ந்த நமக்குத் தண்டனைகள் புதியன அல்ல. ஆனால் வாடகைப் பாக்கிக்கும் நரகமா? பழைய சீன நம்பிக்கையில் வேரூன்றிய பட்டியல்தான். என்றாலும் கூலிக்கும் கடைக்குமாகக் கடல்கடந்து வந்தோரின் துறைமுக நகரில் நின்று வாசிக்கையில், அந்நகரின் அன்றாட அச்சங்களைப் பதிந்துவைத்த கணக்கேடாகவே அது எனக்குத் தோன்றுகிறது.

அக்கணக்கில் நமக்கும் ஒரு பக்கம் உண்டு. ஆவ் சகோதரர்கள் பிறந்த ரங்கூனிலும், அவர்கள் வந்து தழைத்த சிங்கப்பூரிலும் நகரத்தார் வட்டிக்கடை நடத்தினார்கள். மார்க்கெட் ஸ்திரீட்டின் அந்தக் கிட்டங்கிகள் இன்று இல்லை. கடன் வாங்கியவன் வட்டிக்காரனை எப்படிப் பார்த்தான் என்பதை நம் குடும்ப வரலாறுகள் அதிகம் பேசுவதில்லை. கத்திமலை பேசுகிறது.

சிற்பம் காண வருவோர் தேடாத இன்னொன்று, அந்த மாளிகை. அதை வடிவமைத்த கட்டடக் கலைஞர் ஹோ குவோங் இயூ 1942-இல் ஜப்பானியரால் கொல்லப்பட்டார். ரங்கூனுக்குத் தப்பிச் சென்ற பூன் பார் 1944-இல் அங்கேயே காலமானார். போருக்குப்பின் திரும்பிய அண்ணன், சிதைந்து கிடந்த வீட்டை இடித்துவிட்டார். யாருக்காகக் கட்டப்பட்டதோ அவரும் இல்லை, வீடும் இல்லை. அலங்காரத்துக்கு வைத்த பொம்மைகள் மட்டும் எஞ்சின.

பத்தாம் மன்றத்தில், மறுபிறவிக்கு முன் உயிர்களுக்கு மறதியின் பானம் ஊட்டும் மூதாட்டி மெங் போ நிற்கிறாள். பழையதை இடித்துப் புதியதைக் கட்டுவதில் தேர்ந்த ஒரு நகருக்கு அவளைவிடப் பொருத்தமான தெய்வம் வேறில்லை. அங்கே செல்லும் நண்பர்கள் தண்டனைகளை விட்டுவிட்டுக் குற்றங்களை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள்.