கோத்தகிரி வழியாக ஒரு தரம்!

குழந்தை குட்டிகளோடு காரில் ஊட்டிக்குக் கிளம்புகிறீர்களா? மேட்டுப்பாளையத்தில் வழி இரண்டாகப் பிரியும். குன்னூர் வழிதான் கிட்ட. ஆனால் 14 கொண்டை ஊசி வளைவுகள்! மூன்றாவதிலேயே எங்கள் மாமியாருக்குத் தலை சுற்றல். எலுமிச்சம்பழம் மூக்கை விட்டு இறங்கவில்லை.

திரும்புகையில் கோத்தகிரி வழியாக இறங்கினோம். 1819-ல் ஸல்லிவன் துரை மலையேறியதும் இந்தக் கோத்தகிரிப் பக்கமாகத்தான். அரவேணுவில் வண்டியை நிறுத்தினால் எங்கும் தேயிலைப் பச்சை! பக்கத்திலேயே சுமார் 250 அடி உயரத்திலிருந்து விழும் காதரின் அருவி. மாமியாரே இறங்கி நடந்தார் என்றால் பாருங்களேன்!

டிரைவரிடம் மட்டும், "ஏறின கியரிலேயே இறங்குப்பா" என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிக்காமல் போய்விடும். கோடையில் குன்னூர் வழி ஏறவும், கோத்தகிரி வழி இறங்கவும் என்று ஒருவழியாக்கி விடுவதுண்டு, விசாரித்துக்கொண்டு புறப்படுங்கள்.