வென்னி

காட்கோபரிலிருந்து வஜ்ரேஷ்வரிக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர். திருமணமாகித் திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து மும்பைக்கு வந்து 41 ஆண்டுகள் ஆன ஒரு பெண்மணி, சென்ற சனவரியில்தான் முதன்முறையாக அங்கே போனார். கோயிலுக்காக அன்று, விடுமுறைக்காக. விடுமுறை என்ற சொல்லை அவர் சொல்லவில்லை, அவருடைய மகள் சொன்னாள்.

மகள் ஒரு கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளர். ஆங்கில நாவல் நடத்துகிறவள். ஜேன் ஆஸ்டினின் கதைமாந்தர் பாத் நகரத்துக்குப் போவதையும், அங்கே வெந்நீரூற்று மண்டபத்தில் ஒரு கோப்பை நீரைப் பருகி ஊர்வம்பு பேசி நாளைக் கழிப்பதையும் ஆண்டுதோறும் மாணவர்களுக்கு விளக்கி வந்தவளுக்கு ஒரு நாள் ஒரு கேள்வி எழுந்தது: தன் தாய் எப்போதாவது ஓய்வுக்கென்று ஓர் ஊருக்குப் போனதுண்டா? ஊருக்குப் போனதுண்டு; சாவுக்கு, பேறுகாலத்துக்கு, கொடைக்கு. மூன்றிலும் அடுப்படி அவருடையதாகவே இருந்தது.

இங்கிலாந்தின் பழைய வெந்நீர் நகரங்களைச் சுற்றி இன்று மரக்கட்டைக் குடில்களில் தங்குவது ஒரு வழக்கம். குடிலின் முன்திண்ணையில் ஒரு வெந்நீர்த் தொட்டி. அதில் கழுத்தளவு அமிழ்ந்தபடி மரங்களைப் பார்க்கலாம். அத்தகைய படங்களைக் கைபேசியில் பார்த்துக் கொண்டிருந்தவளுக்குத் தான்சா ஆற்றங்கரையிலேயே ஒரு ‘மரக்குடில்’ கிடைத்தது. இரண்டு இரவுகளுக்கான வாடகை, அவள் தாய் சமையல் வேலை பார்க்கும் வீடுகளில் ஒன்றின் மாதச் சம்பளத்தைவிடச் சற்று அதிகம். தாயிடம் அவள் சொன்னது அதில் ஐந்தில் ஒரு பங்கு.

பனிநாடுகளில் முழு மரங்களை அடுக்கிச் சுவரெழுப்பியதற்குக் காரணம் உண்டு. தடித்த மரம் குளிரை உள்ளே விடாது. கொங்கணத்தில் அந்தக் காரணம் கிடையாது. படம் மட்டும் வந்து சேர்ந்திருக்கிறது. அம்மா வாசலில் நின்று விரல் கணுவால் சுவரைத் தட்டிப் பார்த்தார்.

“சிமிண்டுட்டி இது. மரம் மாதிரி பெயிண்ட் அடிச்சிருக்கான்.”

மகளின் முகம் வாடியதைக் கண்டிருக்க வேண்டும். உள்ளே போய், “கட்டில் நல்லாருக்கு” என்றார்.

முதல் இரவு மூன்றரை மணிக்கு நீர் கொட்டும் ஓசை கேட்டு மகள் விழித்தாள். குளியலறையில் விளக்கு எரிந்தது. இரண்டு வாளிகள், குடுவை, மின்கெட்டில், குடிநீர்ப் பாட்டில்கள், கழுவிக் கவிழ்த்திருந்த குப்பைக்கூடை வரை எல்லாவற்றிலும் தண்ணீர் நிறைந்திருந்தது. அம்மா வெறுந்தரையில் அமர்ந்து, குழாய் நிற்கும் என்று காத்திருந்தார். அது நிற்கவில்லை.

இங்கே தான்சாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தானே மாவட்டத்தின் ஷாஹாபூர் பகுதியில் அந்த ஆற்றின் குறுக்கே 1892இல் கட்டி முடிக்கப்பட்ட அணை, மும்பையின் பழைய நீராதாரங்களுள் ஒன்று. அங்கிருந்து வரும் பெருங்குழாய்கள் முலுண்ட், பாண்டுப், காட்கோபர், குர்லா வழியாக நகரத்துக்குள் இறங்குகின்றன. ஓர் ஆள் உயரத்துக்கும் மேலான அந்த இரும்புக் குழாய்களின் ஓரமாகவே பல தமிழ்க் குடும்பங்கள் ஒரு தலைமுறைக் காலம் வாழ்ந்தன. பிள்ளைகள் குழாய்மீது ஏறிப் பள்ளிக்கு நடந்தார்கள்; வடகம் காய்ந்தது; நகரத்தின் தண்ணீர் சுவருக்கு அப்பால் இரவும் பகலும் ஓடிற்று. அவர்களுடைய பொதுக்குழாயிலோ விடியுமுன் ஒரு மணி நேரம் நூலாக வந்தது. அந்த ஒரு மணி நேரத்தைத் தவறவிட்ட பெண்ணுக்கு அன்றைய நாள் இல்லை. ஓய்வைப் பற்றிய ஆய்வுகள் வருமானத்தையும் விடுப்பு நாட்களையும் கணக்கெடுக்கின்றன. மூன்றரை மணிக்குத் தானே திறந்துகொள்ளும் கண்ணை எந்த அட்டவணையில் சேர்ப்பது?

குழாயின் இருபுறமும் பத்து மீட்டர் இடம் ஒழிக்கப்பட வேண்டும் என்ற நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து 2017ஐ ஒட்டி அந்தக் குடியிருப்புகள் இடிக்கப்பட்டன. பலர் செம்பூருக்கு அப்பால், எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு அருகிலுள்ள மாஹுலுக்குப் பெயர்ந்தனர். இந்தக் குடும்பம் கடன் வாங்கிக் காட்கோபரிலேயே ஒரு வாடகை அறைக்கு மாறியது. இப்போது வீட்டுக்குள்ளேயே குழாய் உண்டு. நேரம் மட்டும் மாறவில்லை.

மறுநாள் வஜ்ரேஷ்வரி. வசைக் கோட்டையைப் போர்த்துகீசியரிடமிருந்து வென்றால் கோயில் எழுப்புவதாக வேண்டிக்கொண்ட சிமாஜி அப்பா, 1739இல் வென்றபின் கட்டுவித்த கோயில் அது. கோட்டையைப் போலவே நிற்கிறது. படிகள் ஐம்பதுக்கு மேல். அம்மாவின் முழங்கால் அதற்கு இடங்கொடுக்கவில்லை. கீழே நின்று கும்பிட்டுவிட்டு, “குளிக்கிற எடம் எங்கட்டி?” என்றார்.

அக்லோலியின் குண்டங்கள் ஆற்றங்கரையில் சிவன் கோயிலை ஒட்டி இருக்கின்றன. கல்லால் கட்டிய சிறு தொட்டிகள், ஈரப் படிக்கட்டு, கந்தக நெடி, யாரோ உதிர்த்த சாமந்தி. அழகான இடம் என்று சொல்ல முடியாது. குளிக்க வந்த கூட்டத்தில் அடையாளம் தெரியாத ஒரு மராட்டியப் பாட்டி அம்மாவின் கையைப் பிடித்து, “யா, பஸா” என்று தன்னருகில் இடம் ஒதுக்கினார். அம்மா புடவையோடு படியில் இறங்கினார். பாதம் பட்டதும் இழுத்துக்கொண்டார். பிறகு கணுக்கால், முழங்கால், இடுப்பு. ஒரு கை மட்டும் நெடுநேரம் வெளியே நீண்டு செருப்பையும் பையையும் காவல் காத்தது. இந்தக் கவலை மிகப் பழையது. பாத் நகரத்து ஊற்றிலிருந்து உரோமானியர் காலத்துச் சாபத் தகடுகள் ஏறத்தாழ 130 கிடைத்துள்ளன. குளிக்கப் போன இடத்தில் மேலாடையைத் திருடியவன் நாசமாகட்டும் என்று தேவியிடம் முறையிட்டவை அவற்றில் பல.

“ஏட்டி, இத்தன வென்னிக்கு யாரு அடுப்பெரிக்கா?”

நெல்லையில் வெந்நீர் என்பது வென்னிதான். மகள் தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள்: மழைநீர் பாறை வெடிப்புகளின் வழியே ஆழத்துக்கு இறங்குகிறது, பூமிக்குள் இறங்க இறங்கச் சூடு கூடும், சுட்ட நீர் வேறொரு வெடிப்பின் வழியே மேலேறி வருகிறது, எரிமலை எதுவும் கீழே இல்லை. கொங்கணக் கரை நெடுகிலும் இப்படிப்பட்ட ஊற்றுகள் வரிசையாக உண்டு. பாத் நகரத்திலும் இதே கதைதான். அங்கே 46 பாகை வெப்பத்தில் நாளொன்றுக்குப் பத்து லட்சம் லிட்டருக்கு மேல் பொங்குகிறது. ஆனால் அங்குள்ள உரோமானியக் குளத்தில் இன்று எவரும் இறங்க முடியாது. 1978இல் அந்த நீரில் இருந்த அமீபாவால் ஒரு சிறுமி இறந்தபின் குளியல் நிறுத்தப்பட்டது. குளத்தைச் சுற்றி நின்று பார்க்கலாம். 2006இல் திறந்த வேறொரு கட்டடத்தில், தூய்மை செய்த ஊற்றுநீரில், கட்டணம் செலுத்திக் குளிக்கலாம்.

அம்மாவுக்கு இதில் பாதி போதுமானதாக இருந்தது. “அப்போ யாரும் கோரி ஊத்த வேண்டாம். வெறகும் வேண்டாம்” என்றார். அதன்பின் பேசவில்லை. வெளியே நீட்டியிருந்த கையும் எப்போதோ தண்ணீருக்குள் போய்விட்டது. வாழ்நாளெல்லாம் பிறர் குளிக்க நீர் சுமந்து, சுடவைத்து, பதம் பார்த்து ஊற்றிய உடம்பு, எவரும் சுமக்காத வெந்நீரில் ஒரு மணி நேரம் அமர்ந்திருந்தது. மூட்டு வலி குணமானதா என்றால், இல்லை. மாலைக்குள் பழையபடி வந்துவிட்டது.

இரண்டாம் இரவும் மூன்றரைக்கே விழிப்பு. இம்முறை வாளிகளைத் தொடவில்லை. திண்ணையில் போய் உட்கார்ந்திருந்தார். மகள் போர்வையைக் கொண்டுபோய்ப் போர்த்தியபோது, “உள்ளதச் சொல்லு, எவ்ளோ கொடுத்த?” என்று கேட்டார். அவள் சொன்னாள். இருட்டில் முகம் தெரியவில்லை. சற்று நேரம் கழித்து, “அடுத்த தடவ அந்தக் குண்டத்துக்குப் பக்கத்துல ஒரு சின்ன ரூம் பாரு. போதும்” என்றார்.

திரும்பும்போது பேருந்து பிவண்டியைத் தாண்டித் தானேயை நெருங்கிக் கொண்டிருந்தது. சன்னலோரம் அரைத்தூக்கத்தில் இருந்தவர் சட்டென்று நிமிர்ந்தார். சாலையை ஒட்டிப் பெருங்குழாய்கள் வந்தன.

“நம்ம பைப்பு” என்றார்.

அவை வளைந்து மறையும் வரை தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு மகளின் தோளைத் தட்டினார்.

“பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டு, காலையில தண்ணி வந்துச்சான்னு கேளுட்டி.”