நீள்வழியும் தாழ்விருக்கையும்

விற்பனைக் கூடமொன்றில் அருகருகே நிற்கும் இரு பெரிய மோட்டார்ச் சைக்கிள்களுள் எது உடலுக்கு இதமானது என்று வினவினால், காண்போருட் பெரும்பாலோர் 'குரூசர்' வகையையே சுட்டிக்காட்டுவர். அதன் இருக்கை தாழ்ந்தும் அகன்றும் இருக்கின்றது. கால்களை முன்னே நீட்டி வைக்கலாம். சாய்மனைக் கதிரையொன்றிற் சில்லுகளைப் பூட்டினாற் போன்ற தோற்றம். பக்கத்தில் நிற்கும் நெடும்பயண வண்டியோ, அதாவது 'டூரிங்' வகையோ, உயர்ந்த இருக்கையும் பின்தள்ளிய காற்பதிகளும் கொண்டு, ஏறுவதற்கே சற்று முயற்சி வேண்டுவதாய் நிற்கும். ஆயின் ஐந்நூறு, அறுநூறு கிலோமீற்றர் ஓடி இறங்கிய மாலையில் அதே வினாவைக் கேட்பின் விடை பெரும்பாலும் மாறிவிடும். கண் அறியும் சுகம் ஒன்று. முள்ளந்தண்டு அறியும் சுகம் வேறு.

இவ்வேறுபாட்டை நோக்குதற்கு ஏறத்தாழ ஒரே காலத்திற் பிறந்த இரு வண்டிகள் பொருத்தமானவை. ஜேர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் 1976 இல் ஆர் 100 ஆர்.எஸ். என்னும் வண்டியை வெளியிட்டது. 980 சி.சி. கொள்ளளவும் 70 குதிரைவலுவும் உடைய அதன் காற்றுத்தடுப்பு உறை, இத்தாலியிலுள்ள பினின்ஃபரீனாவின் காற்றுச் சுரங்கத்திற் சோதித்து உருவாக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் அமெரிக்காவின் ஹார்லி டேவிட்சன் நிறுவனம் 'லோ றைடர்' வண்டியைச் சந்தைக்கு விட்டது. தாழ்ந்து அமர்ந்து செல்பவர் எனப் பொருள்படும் அப்பெயரே வடிவமைப்பின் நோக்கத்தைக் கூறிவிடுகின்றது. தனியார் தம் கராஜ்களில் வெட்டியும் நீட்டியும் அமைத்துக்கொண்ட 'சொப்பர்' வண்டிகளின் சாயலை 1969 இல் வெளிவந்த 'ஈசி றைடர்' திரைப்படம் உலகறியச் செய்திருந்தது. அச்சாயலையே தொழிற்சாலை தனதாக்கிக் கொண்டது.

இரண்டும் இரட்டைச் சிலிண்டர் எஞ்சின்கள்; இரண்டையும் காற்றே குளிர்விக்கின்றது. எனினும் அவற்றின் இயல்பிலுள்ள தூரம் மிகப் பெரிது. ஹார்லியின் சிலிண்டர்கள் 45 பாகைக் கோணத்திற் பிரிந்து நிற்க, இரு பிஸ்டன்களின் இணைப்புத் தண்டுகளும் சுழற்றித்தண்டின் ஒரே முளையைப் பற்றியுள்ளன. இதனால் ஒரு வெடிப்புக்கும் அடுத்த வெடிப்புக்கும் இடையே தண்டு 315 பாகை சுழலும். அதற்கடுத்த வெடிப்புக்கு 405 பாகை. குறிலும் நெடிலுமாய் வரும் அவ்வோசையை நொண்டிச் சிந்து எனத் தமிழ் மாணவர் ஒருவர் வருணித்தாற் பிழையில்லை. அதனை வணிகக் குறியாகப் பதிவுசெய்யுமாறு அந்நிறுவனம் 1994 இல் விண்ணப்பித்து, எதிர்ப்புகளின் பின் 2000 இற் கைவிட்டது. பி.எம்.டபிள்யூ.வில் சிலிண்டர்கள் இடமும் வலமுமாக எதிரெதிரே கிடக்கின்றன. பிஸ்டன்கள் ஒரே வேளையில் வெளியே சென்று ஒரே வேளையில் உள்ளே மீள்வதால் ஒன்றன் சடத்துவ விசையை மற்றது பெரும்பாலும் அழித்துவிடுகின்றது; வெடிப்புகளும் 360 பாகைக்கு ஒன்றாகச் சீராக நிகழ்கின்றன. நின்ற நிலையில் எரிபொருளைத் திருகினால் வண்டி வலப்புறம் ஒருமுறை சாய்ந்து மீளும். அதற்குமேல் அது தன்னைக் காட்டிக்கொள்வதில்லை.

குறைந்த சுற்றுகளில் ஹார்லியின் அதிர்வு ஓர் இன்பமே. அதனை மறுப்பது நேர்மையாகாது. சுற்று உயர உயர அது விரல்களிலும் பாதங்களிலும் மரத்த உணர்வாக மாறும். ஆயினும் அவ்வண்டி எப்பாதைக்காகப் பிறந்தது என்பதையும் எண்ணுதல் வேண்டும். எரிபொருள் நெருக்கடியையொட்டி அமெரிக்கா 1974 இல் மணிக்கு 55 மைல், அதாவது ஏறத்தாழ 88 கிலோமீற்றர், என்ற தேசிய வேக எல்லையை விதித்தது. 1995 வரை தேசியச் சட்டம் நீடித்தது. நேரான அகன்ற சாலையில் அவ்வேகத்திற் செல்பவருக்கு எஞ்சினின் தாளம் தொல்லையாவதில்லை. பொது வேக எல்லையற்ற நெடுஞ்சாலைகளையும் அல்ப்ஸ் மலை வளைவுகளையும் அருகிற் கொண்ட ஜேர்மனியர் வேறொன்றை வேண்டியதில் வியப்பில்லை.

வளைவுகளில் வேறுபாடு மேலும் தெளிவாகும். குரூசரின் முன் போர்க் பெரும்பாலும் நிலைக்குத்திலிருந்து 30 பாகைக்கும் அதிகமாகச் சாய்க்கப்படுகின்றது; சில்லுகளுக்கிடைத் தூரமும் நீளுகின்றது. நேர்வழியில் அது அசையாது செல்லும். வளைவிலோ திரும்ப மனமின்றித் திரும்பும், சற்று அதிகம் சாய்த்தாற் காற்பதி தரையில் உரசும். இதனால் ஜேர்மன் வண்டி குறையற்றது என்றாகாது. சங்கிலிக்குப் பதிலாகத் தண்டினால் இயங்கும் அதன் பின்பகுதி, வேகம் கூட்டும்போது எழும்பிக் குறைக்கும்போது தாழும். அந்நாட்டவரே அதற்கு 'றப்பர்ப் பசு' என்று பட்டஞ் சூட்டினர். 1987 இல் இரட்டை மூட்டுக் கொண்ட பின்கை ஆர் 100 ஜி.எஸ். வண்டியில் வந்த பின்னரே அக்குறை பெரிதும் தணிந்தது.

சுகம் பற்றிய வழக்கு உடலிலேதான் தீர்க்கப்படுகின்றது. கால்கள் முன்னே நீண்டிருக்கையில் அவை எடையைத் தாங்குவதில்லை. உடலின் பாரம் முழுவதும் இடுப்பெலும்பின் அடியிலும் முள்ளந்தண்டின் கீழ்க் கணுக்களிலும் இறங்குகின்றது. குழியொன்று வந்தால் எழுந்து நிற்க வழியில்லை. இருக்கையைத் தாழ்த்துவதற்காகப் பின் ஷொக் அப்சோபரின் அசைவும் குறுக்கப்பட்டிருப்பதால் அடி நேரே முதுகிற் சேரும். காற்றின் எதிர்ப்போ வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப வளர்வது. 60 கிலோமீற்றரில் இருந்த தள்ளல் 120 இல் நான்கு மடங்காகும். நிமிர்ந்த மார்பு பாய்மரமாகி, கைகள் அதனை இழுத்துப் பிடிக்கும் கயிறுகளாகின்றன. நெடும்பயண வண்டியிற் பாதங்கள் உடலின் கீழே நிற்பதால் முழங்கால்கள் சுமையிற் பங்கேற்கின்றன, 1970களின் பி.எம்.டபிள்யூ. முன் போர்க்கின் அசைவு ஏறத்தாழ 200 மில்லிமீற்றர். நகர நெரிசலிலோ ஆர் 100 ஆர்.எஸ். ஓட்டுபவரின் மணிக்கட்டை நோகச் செய்யும், ஏனெனில் முன்சாய்ந்த உடலைத் தாங்கக் காற்று அங்கில்லை. வேகம் ஏறியதும் அந்நோ நீங்கும்.

பின்னால் அமர்பவரின் சாட்சியமே இதில் நம்பத்தக்கது. எஞ்சினின் இன்பமோ ஓட்டும் பெருமையோ அவருக்கு இல்லை. முதுகு மட்டுமே உண்டு. ஹொண்டாவின் கோல்ட் விங் வரலாறு அத்தகைய முதுகுகளால் எழுதப்பட்டது எனலாம். 1974 இல் அறிமுகமானபோது நான்கு சிலிண்டரும் 999 சி.சி.யும் கொண்ட அவ்வண்டிக்கு உறையே இருக்கவில்லை. வாங்கியோர் வேறிடத்தில் உறையும் பெட்டிகளும் பெற்றுப் பூட்டினர். 1980 இலேதான் தொழிற்சாலை அவற்றைத் தானே பொருத்தி விற்றது.

பின்னாளில் இரு மரபுகளும் ஒன்றையொன்று நோக்கி நகர்ந்துள்ளன. 2016 இல் வந்த ஹார்லியின் புதிய எஞ்சினில் அதிர்வைத் தணிக்கும் சமநிலைத் தண்டு உண்டு. எனினும் முதன்மை அதிர்வின் நாலிலொரு பங்கு வேண்டுமென்றே விடப்பட்டது. அது முற்றாக மறைந்தால் வாங்குவோர் மன்னியார் என்பதை நிறுவனம் அறிந்திருந்தது. பி.எம்.டபிள்யூ. 2020 இல் 1802 சி.சி. எதிர்ச் சிலிண்டர் எஞ்சினுடன் ஆர் 18 என்னும் குரூசரை வெளியிட்டது. அதிற் கால்களை முன்னே நீட்டலாம் என்று ஏறுபவர் ஏமாறுவார். பக்கத்துக்கொன்றாகப் புடைத்து நிற்கும் சிலிண்டர்கள் அவ்விடத்தை அடைத்துக்கொண்டன. பாதங்கள் உடலின் கீழேயே நிற்க வேண்டியதாயிற்று. இருக்கை உயரம் 690 மில்லிமீற்றர்; பின்சில்லின் அசைவு 90 மில்லிமீற்றர்.