லாரி ஃபிரிட்ஜ் வீட்டு பிளக்கில் ஓடுமா? அம்மாவின் இன்சுலினுக்காக ஒரு டிரைவர் போட்ட கணக்கு!

வீட்டில் ஃபிரிட்ஜ் நின்றுபோனால் பலருக்கும் முதல் கவலை பாலும் இட்லி மாவும்தான். இன்சுலின் போட்டுக்கொள்ளும் ஒருவர் இருக்கிற வீட்டில் கவலையே வேறு.

நாமக்கல் பக்கம் ஒரு தோட்டத்து வீடு. மகன் லாரி டிரைவர். எழுபதைத் தாண்டிய அம்மாவுக்கு தினமும் இரண்டு வேளை இன்சுலின். மே மாதத்தில் ஒருநாள் வீட்டு ஃபிரிட்ஜின் கம்ப்ரஸர் நின்றுவிட்டது. "பார்ட் வர மூணு நாளாகும்" என்று சொல்லிவிட்டுப் போனார் மெக்கானிக். முந்தின நாள்தான் ஒரு மாதத்துக்கான இன்சுலினை வாங்கி உள்ளே வைத்திருந்தார்கள்.

பிரிக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். பயன்பாட்டில் இருக்கும் குப்பியை மட்டும் 25 முதல் 30 டிகிரிக்குள் சுமார் நான்கு வாரம் வெளியே வைத்துக்கொள்ளலாம். இது மருந்துக்கு மருந்து மாறும், அட்டைப்பெட்டியில் போட்டிருப்பார்கள். மே மாத வெயிலில் ஓட்டு வீட்டுக்குள் 30 டிகிரிக்கு எங்கே போவது? மண்பானை ஓரளவு கைகொடுக்கும். ஆனால் அது சில டிகிரிகளைத்தான் குறைக்கும். எட்டு டிகிரிக்கெல்லாம் இறங்காது.

யோசனை சொன்னது அம்மாதான். "ஏஞ்சாமி, லாரியில ஒரு குளுர் பொட்டி வெச்சிருக்கியே, அதை இங்க ஓட்ட முடியாதா?"

முடியும். ஆனால் நேராக முடியாது.

வீட்டு பிளக்கில் வருவது 230 வோல்ட் ஏசி மின்சாரம். காரில் இருப்பது 12 வோல்ட் டிசி. லாரியில் 24 வோல்ட் டிசி. லாரி ஃபிரிட்ஜின் வயரை வெட்டி, மூன்று பின் பிளக் மாட்டிச் செருகினால் உள்ளே இருக்கும் சர்க்யூட் எரிந்துபோகும். தீப்பிடிக்கவும் வாய்ப்பிருக்கிறது. 230-ஐ 12 ஆக இறக்கி, டிசியாக மாற்றித் தரும் அடாப்டர் ஒன்று நடுவில் வேண்டும். சில பெட்டிகளோடு அந்த அடாப்டரையும் சேர்த்தே கொடுக்கிறார்கள். இவருடைய பெட்டிக்கு அது வரவில்லை.

முதலில் அவர் எடுத்தது வைஃபை ரவுட்டரின் அடாப்டர். அதிலும் 12 வோல்ட் என்றுதான் எழுதியிருந்தது. பின்னைப் பொருத்தி ஆன் செய்தார். பெட்டியில் விளக்கு எரிந்தது. கம்ப்ரஸர் ஒரு முறை உறுமியது, நின்றது. மறுபடி உறுமியது, நின்றது. அடுத்து அவர் கைவைத்தது பழைய பேட்டரி சார்ஜர் மீது. நல்லவேளை, அதற்குள் பக்கத்து ஊர் எலெக்ட்ரீஷியன் வந்துவிட்டார்.

"அண்ணா, வோல்ட்டு சரிதானுங்க. ஆம்பியர் பத்தாதுங்க. மேட்டுத் தொட்டியில தண்ணி ரொம்ப இருந்தாலும், அரை இஞ்ச் குழாய் போட்டா வாழைக்குப் பாயுமுங்களா?"

கணக்கு இதுதான். பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த லேபிளில் 12/24 வோல்ட், 45 வாட் என்று இருந்தது. 45-ஐ 12-ஆல் வகுத்தால் 3.75 ஆம்பியர். ரவுட்டர் அடாப்டர் தரக்கூடியது 2 ஆம்பியர் மட்டுமே. அதோடு, கம்ப்ரஸர் கிளம்பும் அந்த நொடியில் ஓடும்போது இழுப்பதைவிட இரண்டு மூன்று மடங்கு இழுக்கும். அதைத் தாங்காமல் அடாப்டரில் வோல்ட் சரிய, பெட்டி தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடுகிறது. அதனால் 4 ஆம்பியர் தேவைப்படும் பெட்டிக்கு 10 ஆம்பியர் அடாப்டர் வாங்குவது நல்லது. ஆம்பியர் கூடுதலாக இருந்தால் பெட்டி கெட்டுவிடுமோ என்ற பயம் வேண்டாம். பெட்டி தனக்கு வேண்டியதைத்தான் இழுத்துக்கொள்ளும். வோல்ட்தான் மாறக் கூடாது.

பேட்டரி சார்ஜர் ஏன் கூடாது? பழைய சார்ஜர்களில் வெளிவரும் மின்சாரம் சீராக இருக்காது, ஏறி இறங்கும். பேட்டரி அதைப் பொறுத்துக்கொள்ளும். எலெக்ட்ரானிக் சர்க்யூட் பொறுக்காது.

சிசிடிவி கேமராவுக்கும் எல்இடி விளக்குக்கும் போடும் 12 வோல்ட், 10 ஆம்பியர் பவர் சப்ளை எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கிறது. காரில் இருப்பது போன்ற லைட்டர் சாக்கெட் கார் அலங்காரக் கடையில் கிடைக்கும். இரண்டையும் இணைத்தால் வேலை முடிந்தது. ஆனால் அந்தப் பவர் சப்ளையில் 230 வோல்ட் வரும் திருகுகள் வெளியே தெரியும்படி இருக்கும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் அப்படியே தரையில் வைக்கக் கூடாது. காற்றோட்டமுள்ள பெட்டிக்குள் அடைத்து, எர்த் கொடுத்து, எலெக்ட்ரீஷியனை வைத்துத்தான் இணைக்க வேண்டும். லைட்டர் சாக்கெட்டின் நடுமுனை பாசிட்டிவ், சுற்றியிருப்பது நெகட்டிவ். மாறினால் சிக்கல். இந்த வம்பே வேண்டாம் என்பவர்கள் முழுவதும் மூடிய அடாப்டரை வாங்கிவிடலாம்.

இன்னொரு தவறு வயரில் நடக்கிறது. அடாப்டரைச் சுவரில் மாட்டிவிட்டு, அங்கிருந்து மெல்லிய வயரை ஐந்து மீட்டருக்கு இழுத்துப் பெட்டிக்குக் கொண்டுபோவார்கள். 0.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் 5 ஆம்பியர் ஐந்து மீட்டர் போய்த் திரும்பினால், வழியிலேயே சுமார் 1.7 வோல்ட் கரைந்துவிடும். 12 வோல்ட் கிளம்பி 10.3 வோல்ட்தான் போய்ச் சேரும். பெட்டி 'பேட்டரி தீர்ந்துவிட்டது' என்று நினைத்து அணைந்துவிடும். அதனால் நீள வயர் 230 வோல்ட் பக்கம் இருக்கட்டும். 12 வோல்ட் பக்கம் வயர் குட்டையாகவும் தடிமனாகவும் இருக்கட்டும். பெட்டியில் பேட்டரி பாதுகாப்பு ஸ்விட்ச் இருந்தால், அடாப்டரில் ஓட்டும்போது அதை 'லோ'வில் வைக்கலாம்.

இதையெல்லாம் பார்ப்பதற்கு முன்பு கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. உங்களிடம் இருப்பது கம்ப்ரஸர் பெட்டியா, பெல்டியர் பெட்டியா? 1834-ல் பிரெஞ்சு விஞ்ஞானி பெல்டியர் கண்டறிந்த விளைவில் இயங்குபவை, விலை குறைந்த கார் கூலர்கள். இவற்றில் கம்ப்ரஸர் கிடையாது, ஃபேன் சத்தம் மட்டும் கேட்கும். வெளி வெப்பநிலையைவிட 15 முதல் 20 டிகிரி வரைதான் இவை குறைக்கும். வெளியே 40 டிகிரி என்றால் உள்ளே 20-க்கு மேல். தண்ணீர் பாட்டிலுக்குப் போதும். இன்சுலின் சேமிக்கப் போதாது.

கரன்ட் பில்லிலும் வித்தியாசம் உண்டு. 45 வாட் கம்ப்ரஸர் பெட்டி நாளில் பாதி நேரம் ஓடினால் மாதம் 16 யூனிட். அடாப்டரில் வீணாவதைச் சேர்த்தாலும் 20-க்குள் நிற்கும். விலை குறைந்த பெல்டியரோ 60 வாட்டில் நாள் முழுக்க நிற்காமல் ஓடினால் மாதம் 43 யூனிட். இரண்டு மாதத்துக்கு 86. தமிழ்நாட்டில் வீடுகளுக்குக் கிடைக்கும் 100 யூனிட் இலவச மின்சாரத்தில் பெரும்பகுதியை இந்தச் சின்னப் பெட்டியே தின்றுவிடும்! ஆண்டுக்கே 200 யூனிட்டுக்குள் ஓடும் சிங்கிள் டோர் ஃபிரிட்ஜ்கள் கடைகளில் இருக்கின்றன. ஆக, இது ஆபத்துக்குத்தான். நிரந்தரத் தீர்வு வீட்டு ஃபிரிட்ஜ்தான்.

அந்த வீட்டில் அன்று மதியத்துக்குள் பெட்டி ஓடத் தொடங்கியது. அடுத்து வந்தது எதிர்பாராத பயம். இந்தப் பெட்டிகள் ஃப்ரீஸர் அளவுக்கு, மைனஸுக்கும் இறங்கக்கூடியவை. உறைந்த இன்சுலினைப் பயன்படுத்தவே கூடாது. உருகிய பிறகும் அது குப்பைக்குத்தான். அதனால் 5 டிகிரியில் செட் செய்து, குப்பிகளை டப்பாவில் போட்டு, குளிர்ந்த சுவரில் ஒட்டாமல் நடுவில் வைத்தார்கள். டிஸ்ப்ளேவை மட்டும் நம்பாமல் உள்ளே ஒரு சின்னத் தெர்மாமீட்டரையும் போட்டார்கள். கரன்ட் போனால் தாங்க இரண்டு தண்ணீர் பாட்டில்கள். மூடியைத் திறக்காமல் இருந்தால் சில மணி நேரம் குளிர் நிற்கும்.

வீட்டில் இன்சுலின் இருக்கிறவர்கள் ஃபிரிட்ஜ் நிற்கும் நாள் வரை காத்திருக்க வேண்டாம். கார் ஃபிரிட்ஜ் கையில் இருந்தால் இன்றே அதன் லேபிளைப் படித்து, பொருத்தமான அடாப்டரை வாங்கி, ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். ஒருவேளை மருந்து வெயிலில் கிடந்துவிட்டால், பார்க்கத் தெளிவாக இருக்கிறதே என்று போட்டுவிடாதீர்கள். நிறம் மாறாமலேயே அது வீரியம் இழந்திருக்கலாம். மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வழக்கம்போல் ஊசி போட்டும் சர்க்கரை ஏறிக்கொண்டே போனால், சாப்பாட்டைக் குறை சொல்வதற்கு முன்பு இன்சுலின் எங்கே, எந்தச் சூட்டில் இருந்தது என்று பாருங்கள்.