வெயிலில் வரும் உயிர்ப்பு

ஈஸ்டர் வாழ்த்து அட்டை என்றால் லில்லிப் பூவும் பச்சைப் புல்வெளியும் முயல்குட்டியும் தவறாமல் இருக்கும். ஐரோப்பாவில் பனி உருகி மண் கண்விழிக்கும் பருவம் அது. அங்கே பாதிப் பிரசங்கத்தை இயற்கையே செய்துவிடும். தூத்துக்குடிப் பக்கத்து எங்களுக்கு அந்தச் சலுகை இல்லை. மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் நடுவே, பௌர்ணமியை ஒட்டிக் குறிக்கும் திருநாள், எங்களுக்குப் பங்குனியிலோ சித்திரையிலோ வந்து நிற்கும். குளம் வற்றிச் சேறு வெடித்துக் கிடக்கும். கிணற்றில் வாளி தரை தட்டும். அந்த வெக்கையில் வசந்தத்தைப் பற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டே பேசும் சாமியார்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பும் இரக்கமும் சேர்ந்தே வரும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. வானம் பொய்த்த ஆண்டுகளில் பூசையின் மன்றாட்டுகளில் மழைக்காக ஒன்றைச் சேர்ப்பார்கள். எல்லாரும் சேர்ந்து பதில் சொல்லும்போது உப்பளத்துக் குடும்பங்களின் குரல் மட்டும் கொஞ்சம் இறங்கும். பாத்தியில் விளைந்து நிற்கும் உப்பு கரைந்துபோக, கோடையில் நல்ல மழை ஒன்று போதும். ஒரே கோயிலில், ஒரே பாயில், வானத்தைப் பார்த்து இரண்டு விதமாகக் கேட்கிறார்கள். ஆண்டவர் பாடு திண்டாட்டம்தான்.

அம்மா போன பிறகு வந்த தவக்காலத்தில் எந்த மன்றாட்டும் என் மனதில் ஒட்டவில்லை. சாம்பல் புதனன்று நெற்றியில் பூசும் சாம்பல், முந்தின ஆண்டுக் குருத்தோலை ஞாயிற்றில் கையில் பிடித்த ஓலையை எரித்து எடுப்பது. எங்கள் வீட்டு ஓலையைச் சிலுவையாகப் பின்னி நிலைப்படிக்கு மேல் செருகி வைத்தவள் அம்மா. கோயிலில் பழைய ஓலை கேட்கிறார்கள் என்று நான்தான் உருவிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சாமியார் விரல் நெற்றியில் பட்டபோது அதில் அம்மாவின் ஓலையும் இருக்கும் என்பதைத் தவிர வேறெதுவும் தோன்றவில்லை.

பாஸ்கா இரவில் விளக்குகளை அணைத்துவிட்டு, முற்றத்தில் புது நெருப்பு மூட்டிப் பாஸ்கா திரியை ஏற்றினார்கள். அதிலிருந்து கைக்குக் கை மெழுகுவத்திகள் பற்றிக்கொண்டன. ஆண்டு முழுவதும் நடக்கும் சடங்குகளில் இதைவிட அழகானது இல்லை. அன்று என் மெழுகுவத்தி பற்றியது, நான் பற்றவில்லை.

அதற்குப் பிறகு ஒரு நாள் வாசல் வேம்பை நிமிர்ந்து பார்த்தேன். மாசியில் இலை கொட்டி மொட்டையாய் நின்ற மரம், செம்பழுப்புத் துளிரும் வெள்ளைப் பூவுமாக நின்றது. மழை பெய்து மாதக்கணக்காகிவிட்டது. ஐப்பசி கார்த்திகையில் இறங்கிய ஈரத்தை வேர் ஆழத்தில் தேடி எடுத்துத்தான் மரம் இந்த வெயிலில் துளிர்க்கிறது. புங்கும் அப்படித்தான். சின்ன வயதில் ராத்திரி ஜெபமாலைக்கு எங்களை அதட்டி உட்காரவைத்த அம்மா நினைவுக்கு வந்தாள். அருள்நிறை மந்திரம் மட்டும் ஐம்பத்து மூன்று. பாதியில் தூங்கி விழுவோம். தூக்கத்தில் சொன்னதெல்லாம் எங்கே போய்ச் சேர்ந்தது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ராத்திரி ஜெபமாலையை எடுத்தேன். முழுதாகச் சொல்லி முடித்தேன்.

மழைக்காலம்தான் நம்பிக்கையின் காலம் என்று இதை வைத்து யாரும் முடிவுகட்டிவிட வேண்டாம். 2023 டிசம்பர் 17 திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறு. மகிழ்ச்சி ஞாயிறு என்று ஊதாத் திரிகளுக்கு நடுவே ரோஜா நிறத் திரி ஏற்றும் நாள். அன்றைக்குப் பிடித்த மழை, காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. கொட்டியது. தாமிரபரணி ஊருக்குள் வந்தது. திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு சிக்கி நின்றது. உப்பளங்களில் அம்பாரமாகக் குவித்து வைத்திருந்த உப்பு வெள்ளத்தோடு போயிற்று.

தண்ணீர் வடிந்ததும் அளங்களில் சேற்றை வாரிக் கொட்டி, உடைந்த வரப்பைக் கட்டி, பாத்தியை மிதித்து இறுக்கத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டுச் சாம்பல் புதன் பிப்ரவரி 14. ஈஸ்டர் மார்ச் 31. அதற்குள் பாத்தியெல்லாம் உப்பு பூத்துவிட்டது என்று எழுத ஆசைதான். ஆனால் அந்த ஆண்டு உற்பத்தி தாமதமாகத்தான் தொடங்கியது. விளையும் என்று எவரும் எழுதிக் கொடுக்கவில்லை. வெயில் வரும் என்று நம்பி மிதித்தார்கள். உயிர்ப்பைப் பற்றி நான் கேட்ட எந்தப் பிரசங்கமும் இதற்கு ஈடில்லை.

மன்றாட்டு எழுதுகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். மழைக்காகக் கேட்கும்போது உப்பளத்துக்காரர்களுக்காகவும் ஒரு வேண்டுதல் சேர்த்துக்கொள்ளுங்கள். மழை ஐப்பசியில் வந்தால் போதும் என்று நாள் குறித்துக் கேட்டாலும் ஆண்டவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.