வால்வு இல்லாத வீடு

மாமா ஓட்டுகிற ஸ்டாஃப் பஸ்ஸுக்கு 17 வயது. முன்பக்க எஞ்சின் வண்டி. டிரைவர் சீட்டுக்கு இடப்பக்கம், ரெக்ஸின் போர்த்திய பானெட்டுக்கு அடியில் எஞ்சின். இந்த மாதிரி வண்டியில் சூடு முதலில் தெரிவது மீட்டரில் இல்லை, டிரைவரின் இடது முழங்காலில்.

மெட்ரோ இரண்டாம் கட்ட வேலைக்காக மந்தைவெளி, கிரீன்வேஸ் சாலைப் பக்கமெல்லாம் தடுப்பு வைத்த பிறகு, ராஜா அண்ணாமலைபுரத்தைத் தாண்டவே வண்டிக்கு மூச்சு வாங்கியது. வாரத்துக்கு இரண்டு தடவையாவது ஆர்.கே. மடம் சாலையில் ஓரம் கட்டிவிட்டு, கையில் தண்ணிக் கேனோடு மாமா நிற்பார். ஆபீஸ் ஆட்கள் இறங்கி ஆட்டோ பிடிப்பார்கள். அந்த ஆட்டோ காசு மாமா சம்பளத்தில் பிடித்தம். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். "உனக்கு வண்டி ஓட்டத் தெரியலப்பா" என்று முதலாளி சொன்னதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. முப்பது வருஷ லைசென்ஸ்.

"மாப்ள, நீ மெக்கானிகல் படிச்சவன்தானே, என்னன்னு பாரு" என்றார். நான் பார்ப்பது சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. ஆனால் பழுது தேடும் முறை இரண்டுக்கும் ஒன்றுதான். முதல் கேள்வி: எப்போது நடக்கிறது?

டீசல் எரிந்து வரும் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கோ, கொஞ்சம் கூடவோதான் வேலையாக மாறும். மிச்சத்தில் பெரும்பகுதி சைலன்சர் வழியாகவும் தண்ணீர் வழியாகவும் வெளியே போக வேண்டும். சிக்னலில் நிற்கும்போது மட்டும் சூடு ஏறினால், காற்று போதவில்லை என்று அர்த்தம்: ஃபேன், பெல்ட், ரேடியேட்டரின் வெளிப்புற அடைப்பு. பாரத்தோடு ஏற்றத்தில் ஏறினால், பெரும்பாலும் தண்ணீர் ஓட்டம் சரியில்லை என்று அர்த்தம்.

டிரிப் ஷீட்டின் பின்பக்கம் ஒரு வாரம் குறித்து வைக்கச் சொன்னேன். சிக்னலில் முள் மெல்ல ஏறியது. ஆட்கள் நிரம்பி திரு.வி.க. பாலத்தில் ஏறும்போது மளமளவென்று ஏறியது. பெல்ட் இறுக்கம் சரி. ரேடியேட்டரை வெளியே கழுவியாச்சு. மூடி புதுசு. (மூடி வெறும் மூடி இல்லை. உள்ளே அழுத்தம் வைத்து, தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் பார்த்துக்கொள்கிறது. சூட்டில் திறந்தால் பீய்ச்சி அடிப்பது அதனால்தான். மாமாவின் முன்கையில் பழைய தழும்பு ஒன்று இருக்கிறது.) ஆற வைத்து, மூடியைத் திறந்து ஸ்டார்ட் பண்ணியதில் குமிழி வரவில்லை, டிப்ஸ்டிக் ஆயிலிலும் பால் நிறம் இல்லை. ஹெட் கேஸ்கெட் மேல் சந்தேகம் குறைந்தது.

அடுத்து தெர்மோஸ்டாட் இருக்கும் வீட்டைக் கழற்றினோம். உள்ளே ஒன்றுமில்லை.

"நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்கு" என்று முன்பே யாரோ ஒரு மெக்கானிக் கழற்றிப் போட்டிருக்கிறார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த எஞ்சினில் அந்த வால்வுக்கு இரண்டு கதவு. குளிரில் ரேடியேட்டர் வழியை அடைத்து, தண்ணீரை பைபாஸில் எஞ்சினுக்கே திருப்பும். ஏறக்குறைய 80 டிகிரிக்கு மேல் ரேடியேட்டர் வழியைத் திறந்து, பைபாஸை மூடும். வால்வே இல்லாவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். கொதிக்கிற தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டரின் முகத்தைப் பார்க்காமலே திரும்பி வந்துவிடும். சூடு குறையட்டும் என்று செய்த காரியமே சூட்டைக் குறைய விடவில்லை.

பாதிக் காரணம் அது. மீதி, தண்ணீரில் இருந்தது. வருஷக்கணக்கில் ஊற்றியது போர் தண்ணி. ரேடியேட்டரின் மேல் தொட்டியைப் பற்றுப் பிரித்து, குழாய்க்குள் கம்பி விட்டபோது, வீட்டு ஹீட்டர் காயிலில் படியுமே, அதே வெள்ளை உப்பு பொறுக்கு பொறுக்காக உதிர்ந்தது. ஜி.பி. ரோட்டில் புது தெர்மோஸ்டாட் வாங்கினோம். கூலன்ட் கலந்து ஊற்றினோம். இப்போது பாலத்தில் முள் நடுவிலேயே நிற்கிறது.

எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் எழுதித் தரச் சொன்னார் மாமா. முதலாளி படித்தார். ஓட்டத் தெரியாது என்ற பேச்சு நின்றது. பிடித்த காசு வரவில்லை. அந்தத் தாளை மாமா ஆர்.சி. புத்தகத்தோடு சேர்த்து வைத்திருக்கிறார். எனக்கு அப்புறம் யார் வந்து இதை ஓட்டினாலும் அவன் மேல பழி வரக்கூடாதில்ல மாப்ள என்கிறார்.